பால் தண்ணீரில் ஒரு மேடை

“இந்த மூணுல எது வல்லாரை, மேடம்?”

ஆவுடையப்பன் இதைக் கேட்பது முதல் தடவை அல்ல.

மேஜை மேல் மூன்று குப்பிகள் இருந்தன. சிவப்பு மூடி, பச்சை மூடி, மஞ்சள் மூடி. ஒன்றில் வல்லாரைச் சாறு, ஒன்றில் அதைப் போலவே ஞாபகத்துக்கு நல்லது என்று சொல்லப்படுகிற நீர்ப்பிரம்மிச் சாறு, ஒன்றில் நிறம் கலந்த வெறும் தண்ணீர். எது எதில் இருக்கிறது என்று சாராளுக்கு மட்டும்தான் தெரியும்.

“சொல்ல மாட்டேன், அண்ணாச்சி.”

சாராள் அந்த ஆய்வுக்கூடத்தின் பேராசிரியர். ஆவுடையப்பன் அவருடைய ஆராய்ச்சி மாணவர். மாணவர் என்றதும் மீசை அரும்பும் வயதை நினைத்துக்கொள்ள வேண்டாம். பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தியே தலை நரைத்தவர், பேராசிரியரைவிட வயதில் ரொம்ப மூத்தவர். ஆகையால் மாணவர் குருவை மேடம் என்பார், குரு மாணவரை அண்ணாச்சி என்பார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவருக்கும் வந்ததில்லை.

“தெரிஞ்சா என்ன கெட்டுப் போவுது?”

“தெரிஞ்சா கை பொய் சொல்லும். வல்லாரை குடிச்ச எலியைப் பதமா இறக்கி விடுவீங்க. வெறும் தண்ணி குடிச்சதைத் தொப்புன்னு போடுவீங்க. உங்களுக்கே தெரியாம நடக்கும்.”

கூடத்தின் நடுவில் வட்டமான பெரிய தொட்டி. அதில் பால்பவுடர் கரைத்த தண்ணீர். தண்ணீருக்குள் ஒரு சிறு மேடை முழுகிக் கிடக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. எலியை நீந்த விட்டால் அது தட்டுத் தடுமாறி மேடையைக் கண்டுபிடித்து ஏறி நிற்கும். மறுநாளும் விடுவார்கள், அதற்கு மறுநாளும் விடுவார்கள். இடம் மனதில் பதிந்த எலி நேரே அங்கே போய்ச் சேரும்.

எலிகளுக்கு முதலில் சாறு கொடுப்பார்கள். பிறகு ஞாபகத்தைக் கலைக்கிற ஊசி. அதன் பிறகும் எந்த எலி இடத்தை மறக்கவில்லை என்று பார்ப்பதுதான் பரிசோதனை.

“சிவப்பு மூடி எலிங்கதான் முந்துது, மேடம். நான் கவனிச்சிட்டேன். அதுல கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுபோறேன்.”

“சிவப்புல வெறும் தண்ணி இருந்தா?”

“இருக்குமா?”

“இருக்கலாம். நல்லா நீந்துத எலிங்க அந்தக் கூண்டுல சேந்திருக்கலாம்.”

ஆவுடையப்பன் குப்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி உலகம்மைக்கு மறதி. முதலில் உப்பு போட்டதை மறந்தாள். பிறகு அடுப்பை அணைக்க மறந்தாள். பிள்ளைகளின் பெயர் போயிற்று. இந்த வருஷம் புருஷன் முகமும் போய்விட்டது. இவ்வளவுக்கும் அவள் வயது ஐம்பதைத் தாண்டவில்லை. இந்த வயதில் அவர் ஆராய்ச்சி என்று வந்து சேர்ந்தது பட்டம் வாங்க அல்ல.

“ஒருதரம், ஒரே ஒருதரம் ‘என்னங்க’ன்னு கூப்பிட்டாப் போதும், மேடம். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாம்.”

சாராள் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

“இது காக்குமான்னுதான் பாக்கோம், அண்ணாச்சி. போனதைக் கொண்டு வருமான்னு பாக்கல. எலிக்குச் சாறு முந்தி, ஊசி பிந்தி. அக்காவுக்கு மறதி முந்திருச்சே.”

ஆவுடையப்பனுக்கு இது தெரியாததில்லை. தெரிந்துதான் ஆசைப்பட்டார். ஆசை என்றைக்கு யோசித்து வந்திருக்கிறது?

“அப்ப நான் என்னதான் செய்யட்டும்?”

“நாளைக்குக் காலையில வாங்க” என்றார் சாராள். “மேடையை எடுக்கப் போறோம்.”

*

அந்தப் பரிசோதனை பற்றிய புத்தகத்தை ஆவுடையப்பன் கரிசனமாகத்தான் படித்தார். எலிக்குப் பயிற்சி கொடுக்கிற பகுதி வரைக்கும் படித்தார். கடைசி நாள் பற்றிய பக்கத்துக்கு வந்தபோது வீட்டிலிருந்து போன் வந்தது. உலகம்மை தெருவில் இறங்கி எங்கோ போய்விட்டாளாம். புத்தகத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடியவர், அந்தப் பக்கத்துக்குத் திரும்பி வரவே இல்லை.

காலையில் தொட்டிக்குள் மேடை இல்லை. சுவர் ஓரமாக ஈரத்தோடு கிடந்தது.

“மேடை இல்லாம எலி எங்க ஏறும், மேடம்?”

“அதைத்தான் பாக்கப் போறோம். விடுங்க எலியை.”

வாலில் கறுப்புக் கோடு போட்ட எலியை ஆவுடையப்பன் தண்ணீரில் இறக்கினார். அது நாலு பக்கமும் பார்க்கவில்லை. நேரே நீந்தியது. மேடை இருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஏறக் காலைத் தூக்கியது.

கால் தண்ணீரில் முங்கியது.

எலி திரும்பியது. அதே இடத்துக்கு வந்தது. மறுபடி காலைத் தூக்கியது. சுற்றியது. கொஞ்சம் விலகிப் போய், உடனே பதறிக்கொண்டு திரும்பி வந்தது. தொட்டி எவ்வளவோ பெரிது. அது அந்த ஒரு சாண் இடத்தை விட்டு நகர மாட்டேன் என்றது.

“மேடம், அங்க ஒண்ணும் இல்லையே. அதுக்கு யாரு சொல்றது?”

“பாருங்க.”

“முங்கிரும் மேடம்.”

“முங்காது. பாருங்க.”

ஆவுடையப்பனால் பார்க்க முடியவில்லை. பாய்ந்துபோய் சுவரோரம் கிடந்த மேடையை எடுத்தார். சட்டையோடு முழங்கைக்கு மேல் தண்ணீரில் விட்டு, எலி சுற்றிய இடத்திலேயே வைத்தார். எலி ஏறியது. உடம்பை உதறிக்கொண்டு நின்றது. அவர் கையிலிருந்து பால் தண்ணீர் சொட்டியது. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தொட்டிக்கு மேலே படம் பிடித்துக்கொண்டிருந்த கேமராவைச் சாராள் நிறுத்தினார்.

ஆராய்ச்சிக்கூடத்தில் இது பெரிய குற்றம். வேறொரு பேராசிரியராக இருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். சாராள் துண்டை எடுத்துக் கொடுத்தார், அவ்வளவுதான்.

“இந்த எலியோட கணக்கு போச்சு, அண்ணாச்சி. மேடையை எடுங்க. அடுத்ததை விடுங்க.”

அடுத்த எலி அலட்டிக்கொள்ளவில்லை. தொட்டியின் ஓரமாக ஒரு சுற்று வந்தது. குறுக்கே நீந்தியது. மேடை இருந்த இடத்தைத் தாண்டிப் போனது, நிற்கவில்லை. கோயில் தெப்பக்குளத்தில் நீந்துகிறவர் மாதிரி சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது.

ஆவுடையப்பனுக்கு மூச்சு வந்தது.

“இது தேவலை, மேடம். ஒரே இடத்துல கிடந்து மாயல. கெட்டிக்கார எலி.”

“இதுக்கு எல்லாம் மறந்து போச்சு, அண்ணாச்சி.”

“மறந்து போச்சா?”

“அங்க மேடை இருந்ததே இதுக்கு ஞாபகம் இல்லை. அதனால தேடல.”

ஆவுடையப்பன் கையில் துண்டு அப்படியே நின்றது.

“அப்ப அந்த முதல் எலி?”

“அது மறக்கல.”

இரண்டாவது எலி இன்னும் நிதானமாக நீந்திக்கொண்டிருந்தது. சாராள் அதை எடுத்து, துடைத்து, கூண்டில் விட்டார். பிறகு, ஏதோ சாதாரணமாகக் கேட்கிறவர் போலக் கேட்டார்.

“அக்கா உங்களைத் தேடுறதே இல்லையா?”

“தேடுவா மேடம். நான் பக்கத்துலயே நிப்பேன், என்னைய விலக்கிட்டு என்னையவே தேடுவா. அதைத்தான் என்னால தாங்க...”

அவர் அந்தப் பேச்சை முடிக்கவில்லை.

முதல் எலி சுற்றிச் சுற்றி வந்த இடத்தைப் பார்த்தார்.

“நான் கொஞ்சம் சீக்கிரம் வீட்டுக்குப் போகட்டுமா, மேடம்?”

“போங்க, அண்ணாச்சி.”

*

உலகம்மை வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாயங்காலம் ஆனால் அங்கேதான் நிற்பாள்.

மற்ற நாட்களில் இந்த நேரத்தில் ஆவுடையப்பன் அவளோடு மல்லுக்கட்டுவார். “உலகம்மை, நான்தான், உன் புருஷன், நல்லாப் பாரு” என்பார். கல்யாணப் போட்டோவை எடுத்துவந்து முகத்துக்கு நேரே பிடிப்பார். அவள் பயந்து அழுவாள். அவருக்கும் கோபம் வரும். பிறகு இருவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருப்பார்கள்.

இன்றைக்கு அவர் கேட்டுக்கு வெளியே வந்து சும்மா நின்றார்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றாள். “ரோடு மறைக்கு.”

தள்ளி நின்றார்.

“யாரைப் பாக்குதீங்க?”

“எங்க வீட்ல அவுகளை. பள்ளிக்கூடம் விட்டு வார நேரம்.”

“எப்படி இருப்பாக?”

உலகம்மை சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

“விறுவிறுன்னு நடப்பாக. வழியில கண்ட செடியெல்லாம் பறிச்சு சட்டைப் பையில திணிச்சிட்டு வருவாக. தோய்க்கும்போது பூராக் கறையா இருக்கும். நான் சத்தம் போடுவேன்.”

“சண்டை போடுவாகளா?”

“மாட்டாக. வாயே திறக்க மாட்டாக. நான் சத்தம் போட்டு ஓயுத வரைக்கும் பக்கத்துலயே நிப்பாக.”

அந்த ஆளைப் பார்க்க ஆவுடையப்பனுக்கும் ஆசையாக இருந்தது.

“இன்னும் காணுமே.”

“வராம எங்க போவாக? நான் சாப்பிடாம இருப்பேன்னு அவுகளுக்குத் தெரியும்.”

சாலையில் ஒரு பஸ் வந்து நின்றது. நாலு பேர் இறங்கினார்கள். உலகம்மை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவரும் பார்த்தார். பஸ் போனது.

அப்போதுதான் அவளுக்கு, பக்கத்தில் நிற்கிற இந்த மனிதர் மேல் இரக்கம் வந்தது.

“நீங்களும் யாருக்காகவோ நிக்கீங்க போலயே?”

“ஆமா” என்றார் ஆவுடையப்பன். “எங்க வீட்டுக்காரிக்காக.”

அவள் கேட்டோரமாகக் கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.

“நில்லுங்க. வந்துருவாக.”