ஒன்பது துண்டுக் கயிறு

ராஜாக்கள் மலிந்து கிடந்த காலம் அது. கால் தடுக்கினால் ஏதாவது ஒரு ராஜாவின் மேல்தான் விழவேண்டும். அவர்களில் ஒருவர் நல்லவர். நம் கதைக்கு அந்த ஒருவர் போதும், பிள்ளைகளே. பெரியவர்களும் விரும்பினால் கேட்கலாம்.

அவருடைய கடலில் கூழைத்தீவு என்று ஒரு தீவு இருந்தது. அடுப்பிலிருந்து இறக்கிய கூழ் ஆறுவதற்குள் அதைச் சுற்றி வந்துவிடலாம். அங்கே ஒன்பது வீடு, ஒன்பது தோட்டம், நடுமேட்டில் ஒரே ஒரு கிணறு. கத்தரியும் குரக்கன் என்கிற கேழ்வரகும் அந்தக் கிணற்றை நம்பித்தான் விளைந்தன.

தீவுக் கிணறு பொல்லாதது. மேலே நல்ல தண்ணீர் மிதக்கும், அடியில் கடல் காத்திருக்கும். அளவோடு இறைத்தால் இனிக்கும். ஆசைப்பட்டு இறைத்தால் உப்பு ஏறிவிடும்.

அதனால் அவர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு ஒரு துண்டுக் கயிறு. விடிந்ததும் ஒன்பது வீட்டாரும் வந்து ஒன்பது துண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டால்தான் பட்டை, அதாவது பனையோலையில் பின்னிய வாளி, தண்ணீரைத் தொடும். யாருடைய துண்டு அன்று பட்டையோடு சேர்கிறதோ, அவர் முதல் தண்ணீரை நாக்கில் விட்டுப் பார்ப்பார். இதற்கு ‘வாய் பார்த்தல்’ என்று பெயர். நல்ல தண்ணீர் என்றால் வீட்டுக்கு இருபது பட்டை. உப்புத் தட்டினால் குடிக்க மட்டும். பிறகு முடிச்சை அவிழ்த்து அவரவர் துண்டோடு வீடு திரும்புவார்கள்.

ஒரு நாள் காற்றில் வழி தவறி நம் ராஜா அங்கே கரை ஒதுங்கினார். தொண்டை வறண்டிருந்தது. எட்டுத் துண்டு முடிச்சுப் போட்டாயிற்று, ஒன்பதாவது துண்டுக்காரன் பூதனைக் காணோம். பூதன் தன் கல்யாணத்துக்கே பிந்தி வந்தவன். ராஜா வெயிலில் உட்கார்ந்து பூதனுக்காகக் காத்திருந்தார்.

தண்ணீர் குடித்து முடித்ததும் ராஜாவின் மனம் இளகிவிட்டது. “ஒரு வாய் தண்ணீருக்கு இத்தனை பாடா?” என்றார். ஊர் திரும்பியதும் பட்டத்து யானையைக் கட்டுகிற கயிற்றையே அனுப்பிவைத்தார். கிணற்றடிப் பூவரசை இரண்டு சுற்றுச் சுற்றி, கிணற்றின் அடிவரை போகும் கயிறு. கூடவே ஒரு சொல்லும் வந்தது: “மாரி முடிந்ததும் வருவேன். என் பரிசை அறுத்தவரின் கையை அறுப்பேன்.” நல்ல ராஜாதான், ஆனாலும் ராஜா.

தீவார் மகிழ்ந்து போனார்கள். இனிப் பூதனுக்காகக் காத்திருக்க வேண்டாம். பழைய துண்டுகள் ஆடு கட்டப் போயின, கூரை கட்டப் போயின, மீதி மக்கிப் போயின.

கொஞ்ச நாளில் தீவுக்காரன் காத்தான் விடியுமுன் வந்து முப்பது பட்டை இறைத்தான். அவன் பாத்தி நனைந்திருப்பதைப் பார்த்துப் பூதன் மத்தியானம் நாற்பது இறைத்தான். பூதன் இறைத்ததைக் கேள்விப்பட்டு, கிணற்றுக்குப் பக்கத்துத் தோட்டக்காரி வேலாத்தை பின்னேரம் ஐம்பது இறைத்தாள். வாயை மட்டும் யாரும் பார்க்கவில்லை. மற்றவர் பார்த்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

உப்பு ஏறிவிட்டது. கத்தரி இலை ஓரம் கருகியது. குழந்தைகள் கஞ்சியைத் துப்பின. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே ஊர் ஒன்பதாகவே பட்டது, கொண்டாட்டம் கடலுக்கு.

குறைத்து இறைப்போம் என்று பேசி முடித்தார்கள். அது மூன்று நாள் நின்றது. அம்மன் மேல் சத்தியம் செய்தார்கள். அது அடுத்த வெள்ளிவரை நின்றது. காத்தான் என்ற பெயரை நம்பிக் காத்தானைக் காவலுக்கு வைத்தார்கள். வேலியே பயிரை மேய்ந்தது.

நான்காம் முறை கூடியபோது வேலாத்தை அரிவாளோடு வந்தாள். நேரே பூவரசடிக்குப் போய்க் கயிற்றைப் பிடித்தாள்.

“என்ன செய்யிறாய் வேலாத்தை? அது ராசாவின்ரை கயிறு. கை போயிடும்” என்றான் பூதன்.

“தண்ணி போனாப் பிறகு கை இருந்து என்ன செய்யிறது? இந்த நீளக் கயிறு இதிலை தொங்குமட்டும் நாங்கள் கூடமாட்டம். நானும் களவாய் இறைச்சவள்தான். எனக்கு என்னைத் தெரியும்.”

ஒன்பது துண்டாக அறுத்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தாள். கிணற்றின் உப்புத் தண்ணீரை ஒரு சுரைக்குடுக்கையில் அடைத்துத் தன் வீட்டில் மாட்டிக்கொண்டாள், மறந்துபோகக் கூடாது என்று. விடிந்ததும் மறுபடி எல்லாரும் கூடினார்கள், வாய் பார்த்தார்கள், சண்டையும் பிடித்தார்கள். மாரி பெய்தது. உப்பு மெல்ல மெல்ல இறங்கியது.

சொன்னபடி ராஜா வந்தார். பூவரசு வெறுமையாக நின்றது.

“அறுத்தது யார்?”

“நான்தான் ராசா” என்று வேலாத்தை முன்னே வந்து கையை நீட்டினாள். நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவில்லை. ராஜா வாளை உருவினார்.

“ஒரு வாய் தண்ணி குடிச்சுப்போட்டு வெட்டுங்கோ” என்றாள் அவள். வீட்டில் மாட்டியிருந்த சுரைக்குடுக்கையை எடுத்துவந்து கொடுத்தாள். ராஜா ஒரு மிடறு விழுங்கி, மறு மிடற்றைத் துப்பினார்.

“அது நீளக் கயிற்றிலை இறைச்ச தண்ணி ராசா. இப்ப மற்றத் தண்ணியும் குடியுங்கோ.”

எட்டுத் துண்டை முடிந்தார்கள். பூதனைக் காணோம். ஓர் ஆள் ஓடிப்போய் அழைத்தான். உருவிய வாளை மடியில் வைத்துக்கொண்டு ராஜா மறுபடியும் பூதனுக்காகக் காத்திருந்தார். பூதன் இடுப்பில் கயிற்றுத் துண்டோடு வந்து சேர்ந்தான். பட்டை இறங்கியது, ஏறியது. ராஜா குடித்தார். இன்னொரு முறை கேட்டு வாங்கிக் குடித்தார்.

“அதே கிணறுதானா?”

“அதே கிணறு, அதே கயிறு, அதே ஆக்கள். அப்ப கயிறு ஒண்டு, நாங்கள் ஒன்பதாய்க் கிடந்தம். இப்ப கயிறு ஒன்பது, நாங்கள் ஒண்டாய் நிக்கிறம்” என்றாள் வேலாத்தை.

ராஜா வாளை உறையில் போட்டார். “என் பரிசைக் கெடுத்தவள் கையை அறுக்கவேண்டும் என்றால், உங்கள் கிணற்றைக் கெடுத்த என் கையை முதலில் அறுக்கவேண்டும். இரண்டு கையும் இருக்கட்டும்” என்றார்.

வேலாத்தை நீட்டிய கையை மடக்கிப் பார்த்தாள். விரல் ஐந்தும் இருந்தன. அப்படியே கிணற்றடியில் உட்கார்ந்து அழுதாள், பிறகு சிரித்தாள். அன்று வாய் பார்க்கிற முறை பூதனுடையது. தண்ணீர் இனிக்கிறது என்று அவன் அப்போதுதான் சொன்னான், வழக்கம்போல் பிந்தி.

ஒவ்வொருவர் கையிலும் ஒரு பங்கு இருக்கும்வரைதான் ஒரு கூட்டம் நிலைக்கும் என்பதே, கேட்டவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி.