ஒரு சிட்டிகை ஈஸ்ட்

அந்தப் பாலைவனத்தில் மணல் கிடையாது. கல்தான். பனிமலைகளுக்குப் பின்னால், மழைமேகம் ஏற முடியாத உயரத்தில் கிடக்கிறது. பகலில் வெயில் தோலை உரிக்கும். ராத்திரி வாளித் தண்ணீர் உறைந்து கல்லாகும். அங்கேயும் திராட்சை விளைகிறது. பனி உருகி வரும் ஓடை ஒன்று இருக்கிறது. கொடிக்கு அது போதும்.

தோட்டம் திஸ்கித்துடையது. நாற்பது வயதுக்காரி. உரமூட்டையோ மருந்துக் கேனோ அவள் வாசலைத் தாண்டியதில்லை. ஆட்டுப் புழுக்கை, ஓடைத் தண்ணீர், அவ்வளவுதான். அவள் செய்யும் ஒயினைத் தேடி மலையேறி வருவார்கள்.

மொக்கராசு கம்பத்திலிருந்து வந்தார். தலை முழுக்க நரைத்தவர். இளமையில் அந்த மலைகளில் பட்டாள லாரி ஓட்டியதால் பாஷை கொஞ்சம் தெரியும். ஊரில் அவருக்கும் தம்பிக்கும் பொதுவாக ஒரு திராட்சைத் தோட்டம். மருந்து அடித்து அடித்து மண் செத்துப்போய்விட்டது. மூன்று வருஷமாக அடிப்பதை நிறுத்தியிருந்தார். விளைச்சலும் நின்றிருந்தது. மருந்தில்லாமல் எப்படி விளைவிப்பது என்று கற்றுக்கொள்ள வந்தார். தன்னைவிடச் சின்னவளைத் "தாயி" என்று கும்பிட்டார்.

"வாங்க அச்சோ" என்றாள் அவள்.

மொக்கராசு பதறிப்போய்க் காலடியில் பார்த்தார். எதையோ மிதித்துவிட்டோம் என்று நினைத்தார். அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

பழம் பறித்த நாளில் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு நடந்தார்.

"எங்கே அச்சோ?"

"கழுவ வேணாமா தாயி?"

"எதுக்கு?"

"மருந்து இருக்குமே."

"யார் அடிச்சது?"

கூடை திரும்பி வந்தது. கழுவாத திராட்சையை வாயில் போட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது அவருக்கு. சொந்தத் தோட்டத்துப் பழத்தைக்கூட.

பழத்தோலில் மாவு பூசியது போல வெள்ளையாகப் படிந்திருப்பதைத் திஸ்கித் காட்டினாள்.

"இதுல இருக்குது உறை. பாலுக்கு மோர் மாதிரி. இந்தக் காத்துல, இந்த மண்ணுல உள்ளது. வேற எதுவும் சேர்க்கறதில்லை."

மிதித்த பழத்தைத் தாழிகளில் ஊற்றினார்கள். சுட்ட மண் தாழிகள். கழுத்துவரை தரைக்குள் புதைந்திருப்பவை. அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே இருப்பவை. ஓரத்துத் தாழியை அவருக்குக் கொடுத்தாள்.

"இது உங்க பொறுப்பு."

சாறு பொங்கியது. மொக்கராசு தினமும் தாழியின் வாயில் காதை வைத்துக் கேட்டார். உலை கொதிக்கிற சத்தம். மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பேரப்பிள்ளை பேசுகிற மாதிரி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

குளிர் இறங்கியது. சத்தம் நின்றுவிட்டது.

"செத்துப்போச்சா தாயி?"

"தூங்குது."

"எப்ப முழிக்கும்?"

"குளிர் போனா."

"முழிக்கலேன்னா?"

அவள் விறகு பிளக்கப் போய்விட்டாள்.

கம்பத்தில் எதுவும் தூங்காது. கொடியை வெட்டிக் கவாத்து செய்தால் துளிர்க்கும். துளிர்த்தால் காய்க்கும். மறுபடி கவாத்து. இந்தத் தூக்கம் அவருக்குப் புரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஊரிலிருந்து தம்பி சின்னமாயன் போன் செய்தான்.

"அண்ணே, இலையெல்லாம் சாம்பல் நோய் பூத்துக் கிடக்கு. இந்தப் போகம் போச்சு."

"பொறுடா."

"மூணு வருஷமாப் பொறுத்தாச்சு. நம்ம கொடியைப் பாத்து ஆடே மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போகுது. அடுத்த துளிருக்கு ஒரே ஒரு தடவை மருந்து அடிச்சிருவோம்."

"அதுக்காடா இம்புட்டு நாள் பட்டினி கிடந்தோம்?"

"அப்ப கொடியப் பிடுங்கிட்டுத் தென்னை வச்சிருவேன். பாதி என் பங்குண்ணே. சித்திரைக்குள்ள சொல்லு."

மொக்கராசு திஸ்கித்திடம் போய் நின்றார்.

"ஒரே ஒரு தடவை மருந்து அடிச்சா என்ன தாயி?"

"தாழி முழிக்கட்டும். சொல்றேன்."

அவரால் முடியவில்லை. தினமும் காதை வைத்தார். சத்தமில்லை. தூங்குகிற தாழியை நம்பித் தம்பிக்கு என்ன பதில் சொல்வது? தாழியும் செத்து, கொடியும் போனால்?

ஒருநாள் அவள் ஆடுகளோடு போயிருந்தாள். மொக்கராசு கீழே கடைவீதிக்கு இறங்கினார். பேக்கரிக்காரனிடம் ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் கொஞ்சம் வாங்கி வந்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊரிலிருந்து கொண்டுவந்த வெல்லத்தைக் கரைத்தார். ஒரு சிட்டிகை ஈஸ்டைப் போட்டுத் தாழியில் ஊற்றினார். ஆட்டுத்தோலைப் போர்த்தி, பக்கத்தில் கணப்புச் சட்டியை வைத்தார்.

மறுநாள் காதை வைத்தார். உலை கொதித்தது.

ஆட்டுத்தோலைத் திஸ்கித் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. அவர் பொறுப்பு அது.

பாதாமிப் பழ மரங்கள் பூத்தன. குளிர் போயிற்று. மற்றத் தாழிகளும் ஒவ்வொன்றாக முழித்தன. யாரும் எழுப்பவில்லை. பொங்கி அடங்கித் தெளிந்தன.

கீழேயிருந்து ஹோட்டல்காரர் ஒருவர் ஜீப்பில் வந்தார். ஒவ்வொரு தாழியிலும் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். மொக்கராசுவின் தாழிக்கு வந்ததும் துள்ளிவிட்டார்.

"இதுதான்யா ஒயின்! மத்ததெல்லாம் ஒண்ணு காட்டுப்பூ மாதிரி இருக்கு, ஒண்ணு ஈரக்கல்லு மாதிரி இருக்கு, ஒண்ணு என்னன்னே தெரியல. இது எங்க குடிச்சாலும் இருக்கிற மாதிரி இருக்கு. முழுசும் எனக்கே குடுங்க. அடுத்த வருஷம் எல்லாத்தையும் இப்படியே பண்ணிடுங்க."

கேன்களில் நிரப்பிக்கொண்டு போய்விட்டார். மொக்கராசுவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

திஸ்கித் அகப்பையில் ஒட்டியிருந்ததை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"என்ன போட்டீங்க?"

சிரிப்பு போய்விட்டது.

"ஒரு சிட்டிகை ஈஸ்ட், தாயி. பேக்கரியில வாங்கினது. ஒரே ஒரு தடவைதான்."

"நல்லாத்தான் இருக்கு."

அவருக்கு மூச்சு வந்தது.

"அப்ப ஒரு தடவைன்னா குத்தமில்லதானே? தம்பியை அடிக்கச் சொல்லிரவா?"

"இருங்க."

உள்ளே போய்க் கடப்பாரையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"தாழியை உடைங்க."

"எதை?"

"உங்க தாழியை."

"தாயி! இது உங்க முப்பாட்டன் காலத்துத் தாழி."

"ஆமா."

"நான் கழுவிர்றேன். வெந்நி ஊத்தி, சாம்பல் போட்டுத் தேச்சு..."

"சுட்ட மண்ணு. குடிச்சிருக்கும்."

"சரி, ஒயின் ஊத்த வேணாம். தானியம் போட்டு வைப்போம்."

"அகப்பையில ஏறும். கையில ஏறும். ஈயோட கால்ல ஏறும். நம்ம உறைக்குப் பசி கம்மி, மெதுவாத் தின்னும். உங்க ஈஸ்டுக்குப் பசி ஜாஸ்தி. கொஞ்ச வருஷத்துல எல்லாத் தாழியிலும் பேக்கரிதான் இருக்கும்."

"ஒரு சிட்டிகை தாயி!"

அவள் கூடையை எடுத்துவந்து தாழியின் பக்கத்தில் வைத்தாள்.

மொக்கராசு கடப்பாரையை ஓங்கினார். முதல் அடி சரியாக விழவில்லை. இரண்டாவது அடியில் கழுத்து போயிற்று. பிறகு உடைத்துக்கொண்டே இருந்தார். ஓடுகளின் உள்பக்கம் கருநீலமாக இருந்தது. எத்தனையோ வருஷத்துப் பழம் ஊறிய நிறம். இருவரும் ஓடுகளைக் கூடையில் அள்ளினார்கள். மலைச்சரிவின் கல்லோடு கல்லாகக் கொட்டினார்கள். திஸ்கித் அகப்பையை அடுப்பில் போட்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கடைசிக் கூடையை அள்ளும்போது போன் அடித்தது. சின்னமாயன்.

"அண்ணே, துளிர் வந்தாச்சு. டிரம்முல மருந்து கலக்கி வச்சிருக்கேன், ஆளும் நிக்குது. அடிக்கவா, கொடியப் பிடுங்கவா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

மொக்கராசு போனைக் காதில் வைத்தபடி தாழி இருந்த குழியைப் பார்த்தார்.

"என்னண்ணே பேச்சையே காணோம்? கேக்குதா? ஏண்ணே, நாம என்ன தெனமுமா அடிக்கப் போறோம்?"

திஸ்கித் குழியின் ஓரத்தில் குனிந்திருந்தாள்.

"என்ன சொல்றார் தம்பி?"

"ஒரே ஒரு தடவைதானேங்கறான் தாயி."

அவள் மண்ணில் ஒட்டியிருந்த ஓட்டுச் சில்லை நகத்தால் பெயர்த்து எடுத்துக் கூடையில் போட்டாள்.

"அதை மருந்துகிட்டயும் சொல்லிட்டாரான்னு கேளுங்க."