ஏக்கருக்கு எட்டுக் கிலோ

கரிசல்காட்டில் பண்ணையார் ஆவுடையப்பனின் இரண்டு ஏக்கரைப் பாதிப் பங்கு வாரத்துக்குப் பயிரிட்டாள் அன்னக்கொடி. மழை குறைந்த பூமி, ஏக்கருக்கு எட்டுக் கிலோ உளுந்து போதும் என்று முதல் ஏக்கரை இடைவிட்டு விதைத்து முடித்தாள்.

பண்ணையார் வந்தார். "ஏட்டி, ஏக்கருக்குப் பதினாறு கிலோ குடுத்தேனே! மிச்சத்தைத் திருடிட்டியா? மடியை உதறு!"

ஆண்டவனே, ஊர் முன்னால் ஒரு பொம்பளையிடம் அப்படிச் சொல்ல நாக்கு எப்படித்தான் வந்ததோ! மிச்ச விதை பெட்டியிலேயே இருந்தது. ஆனாலும் திருடி என்ற பேர் அவளுக்கு நின்றுவிட்டது.

"சரி மொதலாளி, அடுத்த ஏக்கர்ல பதினாறும் போடுதேன். முளைச்சதும் ஊர் முன்னால உங்க பங்குக்கு ஒரு ஏக்கரை நீங்களே பாத்து எடுத்துக்கோங்க. மத்தது என் பங்கு."

இருபதாம் நாள், நெருக்கி விதைத்தது பச்சைப்பாயாய்க் கிடந்தது. "இது எனக்கு. திருட்டு விதைப்பு உனக்கு!" என்றார்.

அப்புறம் மழையே இல்லை. இருந்த கொஞ்ச ஈரத்துக்கு அடித்துக்கொண்டு அவர் செடிகள் பூவோடு கருகின. அவள் ஏக்கரில் செடிக்குச் செடி காய் தொங்கியது.

களத்தில் பண்ணையார் குழைந்தார். "அன்னக்கொடி, மாத்திக்குவோமா?"

"ஐயையோ, திருட்டு விதையில விளைஞ்சது உங்க வீட்டுக்கு ஆகுமா?"

"நீ எங்கட்டி திருடின? ஒரு மணிகூடத் திருடலை!"

அவள் களத்தில் கூடியிருந்த ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பினாள்.

"எல்லாரும் கேட்டீங்கள்லா? மொதலாளி, நீங்க கைகாட்டுன ஏக்கர் அந்தா கிடக்கு. அள்ளிட்டுப் போங்க."