பீர்க்கங்கொடி முறுக்கிய கை

மரமும் கொடியும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், பீர்க்கங்கொடியின் பற்றும் கைகள் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தன.

பீர்க்கு ஒன்று முருங்கை மரத்தைப் பிடித்து ஏறி, முதல் பிஞ்சையும் விட்டிருந்தது. ஆடிக் காற்று வீசியது. முருங்கை தலைவிரித்து ஆடியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பீர்க்கின் கைகள் பட்டென்று அறுந்தன. முருங்கையின் கிளை ஒன்றும் மளுக்கென்று முறிந்தது.

"எல்லாம் உன்னாலதான்! பிடிச்சு இழுத்து என் கிளையை ஒடிச்சுட்டே. இறங்கு கீழே!" என்றது முருங்கை.

பீர்க்குக்குச் சுரீரென்றது. "நானா இழுத்தேன்? பேயாட்டம் ஆடினது நீங்க. அறுந்தது என் கை. பழியும் எனக்கா அண்ணே?"

"ஓணான் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தார்? ஓணாரே, இவதானே இழுத்தா?"

கிளையில் இருந்த ஓணான் தலையை ஆட்டியது.

"இல்லைங்க, இவர்தானே ஆடினார்?" என்றது பீர்க்கு.

ஓணான் அதற்கும் தலையை ஆட்டியது.

"எனக்குத்தான் முதல்ல ஆட்டினார். இறங்கு!" என்றது முருங்கை.

"இதுக்குப் பேர் நியாயமா?"

இறங்கினால், மரத்தடியில் ஓடிய வாய்க்காலின் ஈரத்தில் பிஞ்சு அழுகிவிடும். பிஞ்சுக்கு மேலே இன்னும் அறுபடாமல் இருந்தது ஒரே ஒரு கை. அதன் ஒரு முனை கிளையைச் சுற்றியிருந்தது. மறுமுனை கொடியோடு ஒட்டியிருந்தது. அதற்குள் காற்று மறுபடி இரைந்தது. ஆத்திரம் தாங்காத பீர்க்கு, இலைக்காம்பு ஒன்றை அந்தக் கையின் நடுவில் கொக்கிபோல் மாட்டி, முறுக்கு முறுக்கென்று முறுக்கியது. இரண்டு முனையும் அசைய முடியாததால், கையின் ஒரு பாதி வலப்புறமாகவும் மறுபாதி இடப்புறமாகவும் சுருண்டது.

"இறங்க மாட்டேன். முடிஞ்சா உதறிப் பாருங்க!"

காற்று வந்தது. முருங்கை வேண்டுமென்றே கூடுதலாக ஆடியது. சுருண்ட கை நீண்டது, சுருங்கியது, மறுபடி நீண்டது. அறுபடவில்லை. கிளையும் ஒடியவில்லை. பிஞ்சு சுகமாக ஊஞ்சலாடியது.

காற்று ஓய்ந்ததும் முருங்கை நிமிர்ந்து நின்றது. "பார்த்தியா, உன் பிள்ளையை எவ்வளவு பத்திரமாப் பிடிச்சுக்கிட்டேன்!"

பீர்க்கு கோபத்தோடு அடுத்து விட்ட கையையும் அப்படியே முறுக்கிக்கொண்டது.

அன்று தொடங்கிய கோபம்தான். பீர்க்கங்கொடியின் சுருளை உற்றுப் பாருங்கள், பாதிவரை ஒரு பக்கமும் மீதி மறுபக்கமுமாக, பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங்போல இன்றும் முறுக்கிக்கொண்டே இருக்கிறது.