வயலுக்குப் போட்ட பந்தி

கொழிஞ்சிப்பட்டியைப் பற்றி எழுதப் போகிறேன். ஆனால் இதை நானே பல வருஷமாக நம்பவில்லை. நம்பாமல் இருப்பது எனக்குப் பழக்கம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். அப்படிப்பட்டவனிடம் வந்து, ஓர் ஊரே கூடி வயலுக்கு இலை போட்டுச் சோறு பரிமாறியது என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வது? தலையாட்டிக்கொண்டேன். அப்புறம் வீட்டில் உட்கார்ந்து, அவர் பொய் சொல்கிறாரா, இல்லை எனக்குத்தான் மனிதர்களைத் தெரியவில்லையா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ஐம்பது வயசுக்கு மேல் இப்படியொரு யோசனை வந்தால் தூக்கம் கெடும்.

சொன்னவர் பெயர் திருமேனி. கொழிஞ்சிப்பட்டிக்கு மாப்பிள்ளையாகப் போனவர். என் மனைவியின் ஊர் அதற்குப் பக்கத்து ஊர் என்பதால், போகும்போதெல்லாம் அவரைப் பார்ப்பேன், கதையை மறுபடி சொல்லச் சொல்வேன். ஒரு தடவைகூட மாற்றிச் சொன்னதில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

அவர் சொன்னது இதுதான்.

கொழிஞ்சிப்பட்டியில் வருஷா வருஷம் விளைச்சல் குறைந்துகொண்டே வந்தது. அந்த வருஷம் ரொம்பக் குறைந்துவிட்டது. அதில் அதிகம் கவலைப்பட்டவர் அடைக்கலம். அவர் மகள் வள்ளிக்கண்ணுவை மேலக்கரையில் திருமேனிக்குப் பேசி முடித்திருந்தார்கள். மாசியில் நிச்சயதார்த்தம் நடந்து, மேலக்கரைக்காரர்கள் வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டும் போயிருந்தார்கள். வைகாசியில் கல்யாணம். அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணப் பந்தியில் போடும் சோறு, பெண்ணின் அப்பன் வயலில் விளைந்ததாக இருக்க வேண்டும். கடை அரிசி என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் எழுந்துவிடுவார்கள். அடைக்கலத்தின் நெற்குதிரிலோ, கையை விட்டால் அடிமண்தான் தட்டியது. அதற்கு மேல் ஒரு பந்திக்குக் காணுமா காணாதா என்கிற அளவுக்கு நெல் கிடந்தது.

பங்குனியில் விவசாய ஆபீஸிலிருந்து ஓர் அம்மா ஜீப்பில் வந்தார். வயலில் இறங்கி மண்ணைக் கையில் எடுத்து உதிர்த்துப் பார்த்தார். "மண்ணுல இருந்து எடுத்துக்கிட்டே இருக்கீங்க. எடுத்ததை மண்ணுக்கே திருப்பிக் கொடுக்கணும். இல்லாட்டி அது எங்கே போகும், பாவம்?" என்றார். மோர் குடித்தார். அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே ஊர் கூடியது. ஊர்த் தலைவர் வெள்ளையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்த அம்மா சொன்னது நமக்கு உறைக்கணும். நாம எடுத்திருக்கோம். கொடுக்கல. ஒரு வீட்டுல சொம்பு இரவல் வாங்கினாக்கூடத் திருப்பிக் கொடுக்குறோம்."

"நெல்லுதானே பெரியப்பு எடுத்தோம்? நெல்லாவே கொடுத்துருவமா?" என்றான் சோணை. எதற்கும் ஒரு கேள்வி வைத்திருப்பவன் அவன்.

"நெல்லா எடுத்துட்டு நெல்லாவே கொடுக்குறதுல என்ன மரியாதை இருக்கு? வாங்கினதைவிட ஒரு படி மேலாக் கொடுக்கணும். குத்தி, புடைச்சு, சோறாக்கிக் கொடுப்போம்."

"வெறுஞ்சோறா?"

"ரசமும் வை."

மறுநாள் மற்ற வீட்டு நெல்லோடு அடைக்கலத்தின் குதிரில் இருந்த கடைசி நெல்லையும் சேர்த்துக் குத்திப் பொங்கினார்கள். வயலில் வரிசையாக வாழையிலை போட்டு, தண்ணீர் தெளித்து, சோறு பரிமாறினார்கள். அடைக்கலத்தின் மனைவி சிட்டாள் ரசச் சட்டியோடு ஒவ்வோர் இலைக்கும் குனிந்து, "போதுமா, இன்னுங் கொஞ்சம் ஊத்தவா?" என்று மண்ணைக் கேட்டுக்கொண்டே போனாள். மண் ஒன்றும் சொல்லவில்லை. சங்கோஜப்படுகிறது என்று ஊற்றிவிட்டாள்.

காக்கைகள் வந்தன. பிறகு நாய்கள் வந்தன. இலைகள் சுத்தமாயின.

"எல்லாம் சாப்பிட்டிருச்சு. பாருங்க, இலையில ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கல" என்றார் வெள்ளையப்பன்.

"நாய்தான் தின்னுச்சு பெரியப்பு."

"நாய் எங்க நிக்குது?"

"வயல்லதான்."

"அப்புறம் என்ன?"

சோணை யோசித்தான். பதில் சரியாகத்தான் இருந்தது. கல்யாணச் சோறு போய்விட்டது என்பதை மட்டும் சிட்டாள் ராத்திரி அடுப்பங்கரையில் உட்கார்ந்து உணர்ந்தாள். "ஏங்க, பொண்ணு கல்யாணத்துக்கு என்னத்தைப் போடுறது?" என்றாள். "கடனை அடைச்சுட்டோம்ல. வயலு பாத்துக்கும்" என்று அடைக்கலம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருக்கும் தூக்கம் வரவில்லை.

சிட்டாளுக்கு இன்னொரு யோசனையும் வந்தது. மறு கூட்டத்தில் கேட்டாள்: "அப்ப இந்தச் சாணி?"

அந்த ஊரில் மாடுகள் நிறைய. சாணியைத் தினமும் கூடையில் அள்ளி, வயல் அழுக்காகக் கூடாது என்று கோயிலுக்குப் பின்னால் ஒரு பள்ளத்தில் கொட்டிவிடுவார்கள்.

"சாணி மண்ணுகிட்ட எடுத்ததில்ல தாயி. மாட்டுகிட்ட எடுத்தது. யாருகிட்ட எடுத்தமோ அவுககிட்டத்தான் கொடுக்கணும்" என்றார் வெள்ளையப்பன்.

ஒவ்வொரு மாட்டின் முன்னாலும் அதனதன் சாணியை வைத்தார்கள். மாறிவிடக் கூடாது என்று கவனமாகவே வைத்தார்கள். மாடுகள் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. சோணையின் மாடு அவனை முட்டியும் விட்டது.

"இத்தனை வருஷம் கழிச்சுக் கொடுத்தா அதுக்குக் கோவம் இருக்காதா" என்றான் சோணை, விலாவைத் தடவிக்கொண்டே.

ஆகவே சாணி பழையபடி பள்ளத்துக்கே போனது. அந்தப் பள்ளத்தில் யாரும் விதைக்காமல் ஒரு பூசணிக்கொடி முளைத்து, கோயில் சுவரில் ஏறி, ஓட்டுக்கு மேல் படர்ந்து, ஒரு ஆள் தூக்க முடியாத காய்களாகக் காய்த்துக் கிடந்தது. யாரும் பறிக்கவில்லை. யாரிடம் எடுக்கிறோம் என்று தெரியாமல் எடுத்தால் யாருக்குத் திருப்பிக் கொடுப்பது?

சித்திரை பிறந்தது. சோணைக்கு அடுத்த கேள்வியும் பிறந்தது.

"பெரியப்பு, குதிர்ல இருந்ததைக் கொடுத்தோம். சரி. இத்தனை வருஷமா தின்னதை?"

அது எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். அவரவர் குனிந்து தத்தம் வயிற்றைப் பார்த்துக்கொண்டார்கள்.

வெள்ளையப்பன் நிதானமாகத் தீர்ப்புச் சொன்னார். "நம்மளை உரிச்சா கொடுக்க முடியும்? ஒரு வழி இருக்கு. யாரு எந்த வயல் சோத்தைத் தின்னாங்களோ, அவங்க அந்த வயல்லயே இருந்துக்கிட்டா, சோறும் வயல்லயே இருந்த மாதிரிதான்."

ஊர் வயலுக்குக் குடிபோனது. அறுத்த வயல்தான், காய்ந்து கிடந்தது. ஆளுக்கொரு கீற்றுப் பந்தல் போட்டுக்கொண்டார்கள். வைக்கோல் தின்ற குற்றத்துக்காக மாடுகளையும் ஆடுகளையும் அங்கேயே கட்டினார்கள். சோணை மட்டும் கஷ்டப்பட்டான். அவன் தன் வீட்டில் பாதியும் அத்தை வீட்டில் பாதியுமாகச் சாப்பிட்டு வளர்ந்தவன். இரண்டு வயலுக்கும் நடுவில் வரப்பின் இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் வைத்து நின்றான். அத்தை எட்டிப் பார்த்து, "எங்க பக்கம் காலை நல்லா ஊணுடா, எங்க வீட்லதான் நீ மறுசோறு வாங்குவ" என்று அதட்டுவாள்.

காலையில் சொம்பை எடுத்துக்கொண்டு கண்மாய்க்கரைக்கு நடக்கிற பழக்கத்தையும் வெள்ளையப்பன் நிறுத்தினார். ஆள் வயலைவிட்டு நகரக் கூடாது.

"அப்ப எங்க ஒதுங்குறது?"

"அந்தா, அந்த மூலையில."

சாணியை அள்ளிப் பள்ளத்துக்குக் கொண்டுபோகவும் ஆளில்லாமல் போயிற்று. அது கிடந்த இடத்திலேயே கிடந்தது. ராத்திரி படுக்கும் முன் எல்லாரும் வயலைத் தொட்டுக் கும்பிட்டு, இப்படி அசிங்கம் பண்ணுவதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில்தான் அடைக்கலத்துக்கு ஒன்று உறைத்தது. நிச்சயதார்த்தத்துக்கு வந்த மேலக்கரைக்காரர்கள் தின்றது யார் சோறு? அவர் வயல் சோறு. அது இப்போது எங்கே? மேலக்கரையில்.

வெள்ளையப்பன், அடைக்கலம், சோணை மூவரும் கிளம்பினார்கள். வயலைவிட்டு நகராமல் எப்படிப் போவது என்பதற்கும் வழி கண்டார்கள். செருப்பில் வயல் மண்ணைக் கொட்டி அதன்மேல் கால் வைத்துக்கொண்டார்கள். காலுக்கடியில் வயல் இருந்தால் வயலில் நிற்பதாகத்தானே அர்த்தம்.

மேலக்கரையில் சம்பந்தி வீட்டில் பாய் போட்டு உட்கார வைத்தார்கள். திருமேனியின் தாய்மாமன் சிங்காரம் தண்ணீர் கொடுத்து, "கல்யாண விஷயமா?" என்று கேட்டார்.

"அதில்ல சம்பந்தி. மாசியில வந்து சாப்பிட்டீங்கல்ல" என்றார் அடைக்கலம் தயங்கி.

"ஆமா. குறை சொல்ல முடியாத சாப்பாடு."

"அதைத் திருப்பித் தரணும்."

சிங்காரத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சொம்பைக் கீழே வைத்தார். "போட்ட சோத்தைத் திருப்பிக் கேக்குற வீட்லயா பொண்ணு எடுக்குறோம்? இந்தக் கல்யாணம் வேணாம். எந்திரிச்சுப் போங்க."

அடைக்கலம் கையைப் பிசைந்தார். "சம்பந்தி, அப்படிச் சொல்லாதீங்க. எம் மகளுக்கு வேற இடம் பாக்க எனக்குத் தெம்பில்ல. சோத்தை மட்டும் கொடுத்திருங்க, பொண்ணை நான் சந்தோஷமாக் கொடுக்குறேன்."

"சோறு வயித்துக்குள்ளதானே இருக்கு? வேணும்னா ஆளோட தூக்கிட்டுப் போங்கய்யா" என்று கத்திவிட்டுச் சிங்காரம் வீட்டுக்குள் போய்விட்டார்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தங்கமான மனுசன். நாம கேக்கவே கூச்சப்பட்டோம்" என்றார் வெள்ளையப்பன்.

"யாரைத் தூக்குறது?" என்றான் சோணை.

நிச்சயதார்த்தத்தில் அதிகம் சாப்பிட்டது யார் என்று அடைக்கலத்துக்கு நன்றாக ஞாபகமிருந்தது. இலையில் மோர்ச்சோறு வந்த பிறகும் மறுபடி சாம்பார்ச் சோறு கேட்டவர் ஒருவர்தான். திருமேனி கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தார். வெள்ளையப்பன் தலைப்பக்கம், அடைக்கலம் நடு, சோணை கால்பக்கம் பிடித்துக்கொண்டார்கள்.

திருமேனியை அடைக்கலத்தின் வயலில் நடுவாக, கணுக்கால் மண்ணுக்குள் இருக்கும்படி நிறுத்தினார்கள். அவர் ஏன் ஓடவில்லை என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். "ஓடலாம்னுதான் நெனச்சேன். அப்ப வள்ளிக்கண்ணு, நெல்லுக் குத்தினதுல மிஞ்சின நொய்யில கஞ்சி காச்சிக் கொண்டுவந்துச்சு" என்பார். நிச்சயதார்த்தத்தில் அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. இப்போது இரண்டு பேரும் ஒரே வயலில், பார்ப்பதற்கு வேறு ஒன்றும் இல்லாமல் இருந்தார்கள்.

"கஞ்சி ஊத்தாத புள்ள. இன்னும் கடன் ஏறும். அப்புறம் இவரு போகவே முடியாது" என்று வெள்ளையப்பன் எச்சரித்தார்.

வள்ளிக்கண்ணு யோசித்தாள். மறுநாளிலிருந்து இரண்டு வேளைக் கஞ்சி மூன்று வேளை ஆனது.

சிங்காரம் ஆட்களைத் திரட்டிக்கொண்டு கம்போடு வந்தார். வந்து பார்த்தால் மாப்பிள்ளை மண்ணில் நின்றபடி பெண்ணிடம் ஏதோ சொல்ல, அவள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"டேய் திருமேனி, வாடா வெளியே."

"நீங்கதான மாமா தூக்கிட்டுப் போகச் சொன்னீங்க. நான் வரல."

சிங்காரம் கம்பைக் கீழே போட்டார். ஊரெல்லாம் வயலில் குடியிருப்பதையும், வரப்பின் இருபக்கமும் காலை விரித்து ஒருவன் நிற்பதையும் அப்போதுதான் கவனித்தார். இவர்களோடு சண்டை போட்டு ஜெயித்தால்கூட அதைத் தன் ஊரில் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"சரி. வந்த ஆளை வச்சே இன்னிக்கே முடிச்சிருங்க. ஆனா வழக்கம் மாறக் கூடாது. பொண்ணோட அப்பன் வயல் சோறு எங்க?"

வெள்ளையப்பன் முன்னால் வந்தார்.

"அந்தச் சோறு மாப்பிள்ளைக்குள்ள இருக்கு. வழக்கத்துக்கு அவரைப் பாத்துக்குங்க. பசிக்குப் பூசணிக்காயைச் சாப்பிடுங்க."

பள்ளத்துப் பூசணி எந்த வயலுடையதும் இல்லை என்பதால், தின்றவர்கள் யாரும் தங்க வேண்டியதில்லை என்றும் அதே மூச்சில் தீர்மானமானது. மேலக்கரைக்காரர்கள் அப்படி ஒரு பூசணிக்காயை வாழ்நாளில் தின்றதில்லையாம். எந்த உரம் என்று கேட்டார்கள். "உரமா? அது நாங்க குப்பை கொட்டுற இடமுங்க" என்று சிட்டாள் வெட்கப்பட்டாள்.

ஆடியில் மழை பெய்தது. உழுது நட்டார்கள். தை மாதம் கொழிஞ்சிப்பட்டி கண்ட விளைச்சலைப் பார்க்கப் பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள். முக்கியமாக ஒவ்வொரு வயலிலும் அந்த மூலையில் கதிர் இடுப்புக்கு மேல் நின்றது. காரணம் என்ன என்று கேட்டவர்களுக்கு வெள்ளையப்பன் ஒன்றே சொன்னார்: "வயலுக்கு ரசத்தோட சோறு போட்டோம். ரசம் முக்கியம்."

சித்திரை வந்தால் ஊர் இன்றும் வயலுக்குக் குடிபோகிறது. சாணியை ஒவ்வொரு வருஷமும் முதலில் மாட்டிடம்தான் நீட்டுகிறார்கள்.

திருமேனி கல்யாணத்துக்குப் பிறகு அந்த ஊரைவிட்டுப் போகவே இல்லை. மாமனார் வயல் சோற்றைத் தின்றுகொண்டிருப்பதால், போவதற்கு நியாயமும் இல்லை என்கிறார். போன மாதம் அவரைப் பார்த்தபோது வயலில் கீற்றுப் பந்தலுக்கடியில் மனைவி மக்களோடு உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷமும் நான் அவரிடம் கேட்டதெல்லாம், மாடு நிஜமாகவே முட்டியதா, செருப்புக்குள் மண்ணோடு அவ்வளவு தூரம் நடக்க முடியுமா என்கிற மாதிரிக் கேள்விகள். அவை ஒன்றும் என்னை உறுத்திய கேள்விகள் அல்ல என்பது அன்று ராத்திரி பஸ்ஸில் வரும்போது புரிந்தது. பாதி வழியில் இறங்கி, எதிர்ப் பக்கம் பஸ் பிடித்து, திரும்பிப் போனேன். அவர் படுத்துவிட்டார். எழுப்பினேன்.

"ஏன் திருமேனி, பொறந்ததுல இருந்து கல்யாணம் வரைக்கும் நீங்க மேலக்கரை வயல் சோத்தைத்தானே தின்னு வளந்தீங்க. அதை அவுக இன்னும் திருப்பிக் கேக்கலியா?"