வடக்குப் பக்கத்து அளவு

பூரணத்தம்மையைத் தேடி வருகிறவர்கள் வழக்கமாக ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு கவலையும் கொண்டு வருவார்கள். அன்றைக்குக் கோமதிநாயகம் இரண்டு முழ நீளத்துக்குச் சுருட்டிய வரைபடம் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

அவருக்கு வயது அறுபத்து நான்கு. பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மைக்கு நாற்பத்தாறுதான். ஆனாலும் மலையடிவாரத்து அந்தச் சின்ன மடத்துக்குள் நுழைந்துவிட்டால் கோமதிநாயகம் சீடர், அம்மை குரு. சீடர் குருவை "அம்மா" என்பார். குரு சீடரை "அண்ணாச்சி" என்பார். அவர்கள் இரண்டு பேருக்கும் இதில் ஒரு குழப்பமும் கிடையாது. பார்க்கிறவர்கள்தான் முழிப்பார்கள்.

"என்ன அண்ணாச்சி இது? அணை கட்டப் போறீங்களா?"

"இல்லம்மா. எங்க வீட்டு ஓட்டு விளிம்பு பூராவும் தகர வாய்க்கால் கட்டப் போறேன். மழைத் தண்ணி ஒரு சொட்டு வெளிய விழாது."

வரைபடத்தை விரித்து, ஒரு முனையில் அம்மையின் செம்பையும் மறுமுனையில் தன் கண்ணாடிக் கூட்டையும் வைத்தார். தண்ணீர் தேங்காமல் ஓட, பத்தடிக்கு ஓர் அங்குலம் வாட்டம். இரண்டடிக்கு ஒரு கொக்கி. மூலையில் குழாய், குழாய்க்குக் கீழே தொட்டி. இலை தழை அடைக்காமலிருக்கக் குழாய் வாயில் கம்பி வலை. சொல்லச் சொல்ல அவருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது.

அம்மை பொறுமையாகக் கேட்டார்.

"மூணு பக்கம் மையில இருக்கு. வடக்குப் பக்கம் மட்டும் பென்சில்ல இருக்கே?"

கோமதிநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"வடக்க என் தம்பி வீடும்மா."

தம்பி பெயர் ஆவுடையப்பன். பாகம் பிரித்தபோது இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த முற்றம் தம்பிக்கு விழுந்தது. ஆனால் அண்ணன் வீட்டுக் கூரை அந்த முற்றத்தின் மேல் ஒன்றரை அடி நீட்டிக்கொண்டிருந்தது. மழை பெய்தால் அந்தப் பக்கத்துத் தண்ணீர் முழுக்கத் தம்பியின் சமையல்கட்டுச் சுவரடியில்தான் கொட்டும். ஏழு வருஷத்துக்கு முன்னால் தம்பி வந்து, "இதுக்கு ஏதாவது செய்யணும்ணே" என்றான். அன்றைக்கு என்ன எரிச்சலில் இருந்தாரோ, "பொறுக்க முடியலைன்னா வித்துட்டுப் போயேம்டே" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அன்றிலிருந்து பேச்சு இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியிலும் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்து இலையைப் பார்த்தே சாப்பிட்டு எழுந்தார்கள்.

"போன கார்த்திகையில அந்தச் சுவர்ல பாதி விழுந்துட்டும்மா. அவன் பொண்டாட்டி காந்திமதி தார்ப்பாய்க்குக் கீழ நின்னு சோறு பொங்குதா. நான் என் வீட்டு ஜன்னல்ல இருந்து பாக்கேன். எனக்குச் சாப்பாடு இறங்க மாட்டேங்கு. ஐப்பசி பிறக்கறதுக்குள்ள வாய்க்காலைக் கட்டிட்டா மிச்சச் சுவராவது நிக்கும்."

"நல்ல காரியம் அண்ணாச்சி."

"ஒண்ணு கேக்கணும்மா." அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் வாயால ஒண்ணும் சொல்லாம வேலையை மட்டும் முடிச்சுட்டா அவனுக்குப் புரியாதா? அதுலயே எல்லாம் சரியாயிடாதா?"

அம்மை பென்சில் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"இது எத்தனை அடி?"

"இருபத்தெட்டு."

"அளந்தீங்களா?"

"தெற்குப் பக்கம் இருபத்தெட்டும்மா. எதிர்ப்பக்கமும் அதுதானே இருக்கும்?"

முப்பத்தைந்து வருஷம் வாய்க்காலையும் மதகையும் அளந்தவர். அளக்காமலே அளவு எழுதினான் என்று ஓர் ஆளை உச்சி வெயிலில் மூன்று மைல் திருப்பி அனுப்பியவர். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

அம்மை சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"அளந்துட்டு வாங்க. உங்க கேள்விக்கு அப்புறம் பதில் சொல்லுதேன்."

மூன்றாம் நாள் கோமதிநாயகம் நொண்டிக்கொண்டு வந்தார். அதைக் கண்டதும் அம்மைக்கு முகம் சுருங்கிவிட்டது. மணையை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, எண்ணெயைச் சூடு பண்ணிக் கிண்ணத்தில் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

"முட்டில தேய்ங்க. ஓட்டு மேல ஏறினீங்களா? இந்த வயசுலயா?"

"ஏறினேன்."

"அளவு?"

"வரலம்மா. டேப்போட நுனி அந்த வடமேற்கு மூலையில நிக்க மாட்டேங்கு. ஓட்டுல மாட்டினா நழுவுது. கல்லைத் தூக்கி வச்சா உருளுது. கூட ஒரு ஆளை ஏத்தினா ஓடு தாங்காது."

"அப்ப என்ன செய்யணும்?"

"கீழ இருந்துதான் அளக்கணும். மூலைக்கு நேரா ஒருத்தர் நின்னு பிடிக்கணும்."

சொல்லிவிட்டு அவர் எண்ணெயைத் தேய்ப்பதில் மும்முரமானார். மூலைக்கு நேரே இருப்பது தம்பியின் முற்றம் என்று அம்மைக்குத் தெரியாதா என்ன?

"முட்டில எப்படி அடிபட்டுச்சு?"

"இறங்கும்போது சறுக்கிட்டேன். நாலு ஓடு உடைஞ்சு அவன் முத்தத்துல விழுந்துச்சு. சத்தம் கேட்டு வெளிய வந்துட்டான்."

"தம்பியா? என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. சண்டைக்கு வர்ற மாதிரி எனக்கு நேர் கீழ வந்து நின்னான். நான் ஓட்டைப் பிடிச்சுக்கிட்டு இந்தப் பக்கம் நகர்ந்தா அவனும் இந்தப் பக்கம் நகர்ந்தான். அந்தப் பக்கம் போனா அவனும் அந்தப் பக்கம் வந்தான்."

"சண்டைக்குன்னு எப்படித் தெரியும்?"

"கை ரெண்டையும் தூக்கிக்கிட்டுல்லா நின்னான்."

"எப்படித் தூக்கினாரு? காட்டுங்க."

கோமதிநாயகம் எண்ணெய்க் கையோடு எழுந்தார். அண்ணாந்து மடத்தின் கூரையைப் பார்த்தார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளை மேலே திருப்பி, விரல்களை அகல விரித்தார்.

அப்படியே நின்றுவிட்டார்.

அம்மை அவரை அவசரப்படுத்தவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாக நகர்த்திவைத்துவிட்டுக் கேட்டார்.

"நீங்க பத்திரமா இறங்கின பிறகு?"

"கையைக் கீழ போட்டுட்டு உள்ள போயிட்டான்." "மடப்பய. நான் விழுந்திருந்தா அவன் இடுப்புல்லா ஒடிஞ்சிருக்கும். அவனுக்கும் அறுபது ஆகப் போகுதும்மா."

துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தம்பி மேல் அத்தனை பாசம் வந்தது. அவன் முன்னால் போய் நிற்க அத்தனை பயமும் வந்தது.

"மன்னிப்புக் கேட்டுடுதேன். ஆனா எனக்கு எழுதினாத்தான் ஒழுங்கா வரும். ஒரு தாள் குடுங்க."

கால்மணி நேரம் குனிந்து எழுதினார். இரண்டு இடத்தில் அடித்து எழுதினார். முடித்ததும் அம்மையிடம் நீட்டினார். அம்மை வாய்விட்டு வாசித்தார்.

"பொருள்: கூரைத் தண்ணீர், தங்கள் சமையல்கட்டுச் சுவர் சேதம், வருத்தம் தெரிவித்தல், தொடர்பாக. பார்வை: ஏழு வருடங்களுக்கு முன் நான் வாய்மொழியாகத் தெரிவித்த தகாத வார்த்தை..."

அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை. அம்மைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோமதிநாயகமும் சிரிக்கத்தான் பார்த்தார். உதடு கோணிக்கொண்டது.

"சிரிக்காதீங்கம்மா. ஏழு வருஷமா பேசாதவன் முன்னால போய் நின்னு, முதல் வார்த்தையா வேற என்னதான் சொல்லட்டும்?"

அம்மை சிரிப்பை நிறுத்தினார். கடிதத்தை நாலாக மடித்துத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

"டேப்பை எடுத்துட்டு அவர் வீட்டு வாசலுக்குப் போங்க அண்ணாச்சி. 'தம்பி, இந்த நுனியைக் கொஞ்சம் பிடிடே'ன்னு சொல்லுங்க."