ஒரே கட்டத்துக்கு இவ்வளவு யோசனையா?

ஓர் ஊரில் பெரிய சதுரங்கப் போட்டி ஒன்று நடந்தது. அதில் முதல் மேசையில் ஒரு கடிகாரம் இருந்தது. சதுரங்கக் கடிகாரத்துக்கு இரண்டு முகம், ஆளுக்கொன்று. காயை நகர்த்தியவர் அதன் தலையில் ஒரு தட்டு தட்டினால் அவர் நேரம் நிற்கும், எதிராளியின் நேரம் ஓடத் தொடங்கும். நாள் முழுக்கக் குட்டு வாங்கும் பிழைப்புதான். ஆனாலும் அதற்குக் கர்வம் குறைச்சலில்லை. "மற்றவர்கள் காயைப் பார்க்கிறார்கள், நான் ஆளைப் பார்க்கிறேன்" என்று சொல்லிக்கொள்ளும்.

கடைசி ஆட்டத்தன்று காலையில் சந்தேகம் மண்டபத்துக்குள் வந்தது. அதை யாரும் அழைக்கவில்லை. நேராக வந்து சுடரொளியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டது.

சுடரொளி சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் அச்சகம் ஒன்றில் வேலை பார்ப்பவள். பெரிய போட்டிக்கு வந்ததே இதுதான் முதல் தடவை. வந்தவள் சும்மா இருக்கக் கூடாதா? எதிரே உட்கார்ந்தவர்களையெல்லாம் தோற்கடித்து முதல் மேசைக்கு வந்துவிட்டாள்.

"பேர் தெரியாத பெண் இப்படி ஆடுவாளா?" என்று சந்தேகம் ஒவ்வொரு காதாகப் போய்க் கேட்டது. "எங்கிருந்தோ ஒரு கம்ப்யூட்டர் இவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. கொண்டையை அவிழ்த்துப் பாருங்கள். கம்மலைக் கழற்றிப் பாருங்கள்."

வாசலில் ஒரு சோதனைக் கோல் உண்டு. கருவி எதையாவது கண்டால் கீச்சென்று கத்தும். அது சுடரொளியை உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை தடவிவிட்டு, "ஒன்றும் இல்லை" என்றது.

"இல்லை என்றால், நன்றாக ஒளித்து வைத்திருக்கிறாள் என்று அர்த்தம்" என்றது சந்தேகம். இப்படிப் பேசுகிறவர்களிடம் யார் வாதாட முடியும்?

ஆட்டக்காரர்கள் கூட்டமாக நடுவர் வேதவல்லியிடம் போனார்கள். சுடரொளியை வெளியே அனுப்பினால்தான் ஆயிற்று என்றார்கள். சாம்பியன் நிகிலேஷ் மட்டும் பெருந்தன்மையாகச் சிரித்தான். அன்றைக்கு அவளோடு ஆட வேண்டியவன் அவன்தான். "விடுங்க மேடம், பாவம். ஆடட்டும். நான் பாத்துக்கறேன்" என்றான்.

சுடரொளிக்குக் கண் கலங்கிவிட்டது. "மேடம், தோத்துட்டு ஊருக்குப் போனா ஒண்ணும் இல்ல. இப்படி அனுப்புனீங்கன்னா, திருடிட்டு வந்தவன்னு சொல்வாங்க. அப்புறம் நான் ஜெயிச்ச எந்த ஆட்டமும் என்னுது இல்லன்னு ஆயிரும்."

வேதவல்லி வெகுகாலம் நடுவராக இருந்தவர். அப்படி இருந்தவர்களுக்குக் கடிகாரத்தின் பேச்சு கேட்கும். அதன் பக்கம் குனிந்து, "நேத்து இவ உன் பக்கத்துலதானே ஆடினா? நீ என்ன சொல்றே?" என்று கேட்டார்.

"யோசித்து ஆடுகிற பெண்" என்றது கடிகாரம். "வெட்டினால் திருப்பி வெட்ட வேண்டிய இடத்தில் பட்டென்று வெட்டி என் மண்டையில் ஓங்கிக் குட்டினாள். சிக்கலான இடம் வந்தால் நகத்தைக் கடித்துக்கொண்டு என் நேரத்தையெல்லாம் குடித்துத் தீர்த்தாள். அவ்வளவும் யோசித்து, கடைசியில் குதிரையைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டு உதட்டைக் கடித்தாள். சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால் இந்தத் தவிப்பு ஏன்?"

"ஆடட்டும்" என்றார் வேதவல்லி.

ஆட்டம் தொடங்கியது. நிகிலேஷுக்கு வெள்ளைக் காய்கள். கொஞ்ச நேரத்திலேயே கடிகாரத்துக்கு ஏதோ உறுத்தியது. அவன் பெரிய நகர்த்தலுக்கு எவ்வளவு நேரம் எடுத்தானோ, சிப்பாயை ஓரடி தள்ளவும் அவ்வளவே எடுத்தான். பல் பிடுங்கும் வலியில் இருக்கிறவனும் பாயசம் குடிக்கிறவனும் ஒரே மாதிரி முகத்தை வைத்துக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. கடிகாரம் நடுவரைக் கூப்பிட்டது.

"நீங்கள் தேடும் ஆள் எதிர் நாற்காலியில் இருக்கிறார்."

வேதவல்லி திடுக்கிட்டார். "நிதானமான ஆளா இருக்கலாம். நேரத்தை மட்டும் வச்சு ஒருத்தரைக் கள்ளன்னு சொல்லிட முடியுமா? இந்தப் பொண்ணுக்கு நடந்தது இன்னொருத்தருக்கு நடக்கக் கூடாது."

"நியாயம்தான்" என்றது கடிகாரம், கொஞ்சமும் அசராமல். "யோசிக்கவே இடமில்லாத ஒரு கட்டம் வரும். அதுவரை பொறுங்கள். நான் சொல்வது தப்பென்றால் என்னைக் காயலான் கடையில் போட்டுவிடுங்கள்."

பலகையில் சுடரொளியின் நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. நிகிலேஷ் யானை ஒன்றை வெட்டுக்குக் கொடுத்தான். அவள் வெட்டினாள். வெட்டிய பிறகுதான் அது என்ன கொடுமையான பொறி என்று புரிந்தது. தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் வீம்புக்கு மந்திரியை எடுத்து வைத்து, "செக்" என்றாள்.

அந்தச் செக்கால் ஒரு லாபமும் இல்லை. மந்திரியை வெட்ட வழியில்லை, குறுக்கே காயை வைத்துத் தடுக்கவும் வழியில்லை. வெள்ளை ராஜா ஒதுங்க ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. நேற்று ஆடக் கற்றுக்கொண்ட குழந்தைகூட ராஜாவைச் சட்டென்று அங்கே நகர்த்திவிட்டு அடுத்ததைப் பற்றிக் கவலைப்படும்.

நிகிலேஷ் கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

வெள்ளை ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, எனக்கு ஒரே வாசல்தான் இருக்கிறது, அதுவும் திறந்தே இருக்கிறது! என்னைத் தூக்கி வைக்க என்ன யோசனை?" என்று கத்தினார். நிகிலேஷ் பார்வை பலகையில் இருந்தது, கவனம் வேறெங்கோ இருந்தது. கடிகாரம் நிதானமாக ஓடியது. எப்போதும் எடுக்கிற அதே நேரம் கழிந்ததும் அவன் ராஜாவை நகர்த்தினான்.

வேதவல்லி கடிகாரத்தை நிறுத்தினார்.

"எதுக்காகக் காத்துக்கிட்டு இருந்தீங்க தம்பி?"

"யோசிச்சிட்டு இருந்தேன் மேடம்."

"எதை?"

 அவன் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

வேதவல்லி சோதனைக் கோலைக் கூப்பிட்டு, "இவரைத் தடவிப் பாத்தியா?" என்று கேட்டார். கோல் தலையைத் தொங்கப்போட்டது. "சாம்பியன் ஆயிற்றே என்று வணக்கம் சொல்லி வழிவிட்டேன்" என்றது. இப்போது அவன் கால் பக்கம் போனதும் மண்டபமே திரும்பிப் பார்க்கக் கத்தித் தீர்த்தது.

ஷூவுக்குள் புளியங்கொட்டை அளவில் ஒரு கருவி இருந்தது. வெளியே இருக்கும் கம்ப்யூட்டர் சொல்வதை அது அவன் பாதத்தில் அதிர்ந்து சொல்லும். பிடிபட்டும் அதற்கு வெட்கமே இல்லை. "ஒரே வழி என்று அவருக்கும் தெரிந்திருக்கும்" என்றது. "ஆனால் நான் சொல்லாமல் அசைவதில்லை என்று பழகிவிட்டார். நான் என்ன செய்ய?"

"நான் அப்போதே சொன்னேனே, இங்கே தப்பு நடக்கிறது என்று!" என்று சந்தேகம் நிகிலேஷின் நாற்காலிக்குத் தாவப் பார்த்தது.

"சொன்னாய், வேறு நாற்காலியைக் காட்டி" என்றது கடிகாரம். "போய் வா."

சுடரொளி ஜெயித்ததாக வேதவல்லி அறிவித்தார். கைதட்டல் கேட்டது. ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவரும் தோற்றவரும் அதே பலகையில் உட்கார்ந்து, எங்கே பிசகியது என்று காயை வைத்துப் பேசிப் பார்ப்பது சதுரங்கக்காரர்களின் வழக்கம். பழக்கதோஷத்தில் அவள் கேட்டாள்.

"அண்ணா, யானையை வெட்டுக்குக் கொடுத்தீங்களே, எனக்கு மூச்சே நின்னு போச்சு. அடுத்து என்ன வைக்கலாம்னு இருந்தீங்க?"

நிகிலேஷ் பலகையைப் பார்த்தான். அது அவன் ஜெயிக்கிற ஆட்டம். குதிரையை எடுத்தான், திரும்ப அதே இடத்தில் வைத்தான். ராணியைத் தொட்டான், கையை எடுத்துக்கொண்டான். ஒரு காலத்தில் அவனும் நன்றாக ஆடியவன்தான்.

"தெரியல" என்றான்.

அவனைப் பார்க்க அவளுக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது. பலகையைத் தன் பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள். "இப்படித்தான் வந்திருப்பீங்க. நான் இங்க ஓடியிருப்பேன். நீங்க குதிரையை இங்க வைப்பீங்க, ராணி பின்னாடியே வரும். அவ்வளவுதான், நான் காலி." அவன் காய்களைக் கொண்டு தன் ராஜாவைத் தானே மடக்கிக் காட்டினாள்.

சுற்றி நின்ற ஆட்டக்காரர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவள் கொண்டையை அவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்று அந்த மண்டபத்தில் யாரும் சொல்லவில்லை.